ராகு காலத்தில் புறப்பட்ட தாம்பாளம்

படப்பை பூங்காவனம் நகரில் பாஞ்சாலியின் வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "சத்தம் கேக்குதுல்ல, அந்த வூடுதான்" என்பார்கள். பாஞ்சாலி சண்டைக்காரி அல்ல. மெதுவாகப் பேசத் தெரியாதவள், அவ்வளவுதான். ஒரகடத்தில் கார்களுக்கு வயர்க்கட்டு செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்த நாள்முதல் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. இப்போது அவள் லைன் லீடர். அங்கே நாற்பது பெண்கள் அவள் சொல்வதைக் கேட்டு வேலை செய்கிறார்கள். வீட்டில் இரண்டு பேர் கேட்பதுபோல் நடிக்கிறார்கள்.

அந்த இருவரில் ஒருவன் கணவன் பழனிவேல், கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். இன்னொருவர் மாமனார் கன்னியப்பன். இந்த மாமனார் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லாமல் பாஞ்சாலியைப் பற்றிச் சொல்ல முடியாது.

பாஞ்சாலி மணிமங்கலத்தில் குத்தகை நிலம் உழுத குடும்பத்தில் பிறந்தவள். பிறந்த நட்சத்திரம் மூலம். மூலத்தில் பிறந்தவள் போகிற வீட்டில் மாமனார் தங்க மாட்டார் என்று யாரோ, எப்போதோ, எந்தக் கணக்கும் எடுக்காமல் சொல்லிவைத்தார்கள். அதைப் படிக்காதவனும் நம்புகிறான், பொறியியல் படித்துவிட்டு ரோபோவுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறவனும் நம்புகிறான். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்க இந்த நாட்டில் ஆதாரம் வேண்டியதில்லை. வதந்திக்கு வயதாகியிருந்தால் போதும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பஜ்ஜியை மட்டும் சாப்பிட்டுப் போனார்கள்.

கடைசியில் தரகர் ஒரு வழி கண்டுபிடித்தார். மாமனாரே இல்லாத வீடாகப் பார்ப்பது. அப்படிக் கிடைத்தவன் பழனிவேல். அவன் அப்பா கன்னியப்பன் மும்பைக்கு வேலை தேடிப் போய், வருடக்கணக்கில் ஒரு தகவலும் இல்லாமல், ஊராரால் இறந்தவர் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தார். அமாவாசைதோறும் அவருக்குப் படையல் நடந்தது. பொருத்தம் பிரமாதம் என்றார் ஜோசியர்.

கல்யாணமான மறுவருடம் ஒரு அமாவாசையன்று, இலை போட்டுப் படைத்துக்கொண்டிருக்கும்போது, கன்னியப்பன் ஒரு தகரப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே நடப்பதைப் பார்த்தார். "எனக்கா? வடை சூடாக் கீதா?" என்றார்.

அன்றிலிருந்து மூல நட்சத்திர மருமகளின் கையால் சாப்பிட்டு எண்பதைத் தாண்டி நடமாடிக்கொண்டிருக்கிறார். பாஞ்சாலி அவரை ஜோசியர் வீட்டுக்கே அழைத்துப்போய் நிறுத்தினாள்.

"தோ, உசுரோட கீறாரு. இப்போ இன்னா சொல்ற?"

ஜோசியர் கன்னியப்பனை மேலும் கீழும் பார்த்தார். "இவரு ஜாதகம் கொஞ்சம் ஸ்ட்ராங்கும்மா" என்றார்.

அதற்குப் பிறகு பாஞ்சாலி காலண்டரில் தேதியை மட்டுமே பார்க்கிறாள்.

பூங்காவனம் நகர் நற்பணி மன்றத்தில் அவள் இணைச் செயலாளர் ஆனது அந்தக் குரலால்தான். மைக் வேலை செய்யாத ஒரு கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள். பிறகு நிறுத்த முடியவில்லை. மன்றத்தின் வேலைகள் எளிமையானவை. கோடையில் தண்ணீர்ப் பந்தல், ஆண்டுக்கு மூன்று ரத்ததான முகாம், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் யாராவது அடிபட்டு விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குவது. ஆண்டு விழாவில் சிறந்த உறுப்பினர்களுக்குச் சால்வை.

இதில் ஒரு சின்ன விஷயம். வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம், சால்வை வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். மன்றத்து விதிப்படி நகரில் சொந்த மனை உள்ளவர்தான் உறுப்பினர். ஆனால் ரத்தம் கொடுத்தது பெரும்பாலும் வாடகை அறைகளிலும் ஹாஸ்டல்களிலும் இருந்த தென்மாவட்டத்துப் பிள்ளைகள். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள். மனைக்காரர்களில் பாதிப் பேருக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் சர்க்கரை ஏறிவிடும்.

போன ஐப்பசியில் ஏரி நிரம்பி நகருக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. மணல் மூட்டை அடுக்கியவன் மாரிசெல்வம், கோவில்பட்டிக்காரன், பிரேக் டிரம் செய்யும் இடத்தில் வேலை. கன்னியப்பனை முதுகில் சுமந்து மாடிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். மின்னணுப் பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் சுகப்பிரியா தன் ஹாஸ்டல் பெண்களைத் திரட்டி மூன்று நாள் சமைத்துப் போட்டாள். தண்ணீர் வடிந்தபின் நன்றி விழா நடந்தது. சால்வை போர்த்தப்பட்டவர்களில் நாலு பேர் அந்த மூன்று நாளும் தாம்பரத்தில் மச்சினன் வீட்டில் இருந்தவர்கள். மாரிசெல்வத்தையும் அவன் நண்பர்களையும் மேடைக்குக் கூப்பிடவில்லை. விழா முடிந்ததும் கூப்பிட்டார்கள், நாற்காலி அடுக்க.

அன்று பாஞ்சாலிக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. அடுத்த பொதுக்குழுவில் எழுந்தாள்.

"மண்ண வாங்கினவன் மனுசன். மாசாமாசம் வாடக குடுக்கறவன் இன்னா, கொட்டாய்ல கட்டின மாடா? வெள்ளத்துல நம்மள தூக்கினு போவசொல்ல யாராச்சும் அவன்கிட்ட பத்திரம் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. இரண்டு கூட்டம் சண்டை போட்டு விதியை மாற்றினாள். வாடகைக்கு இருப்பவர்களும் உறுப்பினராகலாம். மாரிசெல்வம், சுகப்பிரியா உட்பட முதல் ஆறு பேருக்கு ஆண்டு விழாவில் உறுப்பினர் அட்டையும் சால்வையும். தலைவர் முனிரத்தினம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அட்டையை அவர் கையால், ஆண்டு விழாவில்தான் கொடுப்பார்.

முனிரத்தினம் கெட்டவர் அல்ல. மனை விற்று, இரும்புக் கடை வைத்து, பிறகு கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் மூன்று பஸ் விட்டு மேலே வந்தவர். பழனிவேல் ஓட்டுவது அவர் பஸ்தான். வெள்ளத்தில் தன் டீசலைக் கொட்டி ஜெனரேட்டர் ஓட்டியவர். ஆனால் நல்ல நேரம் இல்லாமல் நகம்கூட வெட்ட மாட்டார். ராகு காலம் ஆரம்பிக்கும் முன் அவர் செல்போனில் சங்கு ஊதும்.

அட்டை பற்றிச் சொன்னபோது மாரிசெல்வம் சிரித்தான்.

"அக்கா, நீங்க நல்லவுக. உங்க மன்றத்தத்தான் நம்ப முடியல. இந்த வாட்டி சேர் எத்தன?"

"டேய், எம் மேல சத்தியமா மேடைல ஏத்தறேன்டா."

"நீங்கதான் சத்தியத்த நம்ப மாட்டீகளே."

"அப்போ வாய் வார்த்தையா சொல்றேன். வாங்கினு போ."

அவன் சிரிப்புக்குள் ஒரு விஷயம் இருந்தது. ஆறு பேருக்குமே ஒப்பந்தம் வருகிற சித்திரையோடு முடிகிறது. நிரந்தரமாக்க வேண்டிவரும் என்பதற்காக, பழகிய கையை அனுப்பிவிட்டுப் பழகாத கையை எடுப்பது இந்தத் தொழிற்பேட்டையில் வழக்கம். வெளியே போனவர்கள் வேறு கம்பெனி தேடுவார்கள். கிடைத்தால் இதே ஊர், கிடைக்காவிட்டால் ஊருக்குப் பஸ். அறை கேட்டுப் போகும்போதெல்லாம் வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உனக்கு இங்க யாரத் தெரியும்?" அந்தக் கேள்விக்குக் காட்ட அவர்களிடம் ஒன்றுமில்லை. மன்றத்து அட்டை ஒன்று இருந்தால், இவன் இந்த ஊர்க்காரன் என்று ஒரு காகிதமாவது சொல்லும். அதுவும் இந்த வருடம் கிடைத்தால்தான். அடுத்த வருடம் என்பது மனைக்காரர்களின் சொல்.

ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை. முனிரத்தினம் மூன்று மணிக்குக் குளிகையில் வைத்தார். குளிகையில் செய்தது மறுபடி மறுபடி நடக்குமாம்.

"சிறப்பு விருந்தாளி லேட்டா வந்தா அதுவும் மறுபடி மறுபடி நடக்குமா தலைவரே?" என்றாள் பாஞ்சாலி.

"வாய மூடும்மா. நல்ல நாள்ல."

சாலையோரத் திடலில் ஷாமியானா. மேடையில் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம். அதில் வெற்றிலைப் பாக்கு, பூ, ஆறு சால்வை, ஆறு அட்டை. தண்டலம் பக்கத்து ஜவுளிக்கடை முதலாளிதான் சிறப்பு விருந்தினர். அவரைச் சாலையிலேயே எதிர்கொண்டு தாம்பாளத்தோடு அழைத்துவர ஏற்பாடு. பேண்டு செட்காரர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தினர் முகம் அவர்களுக்குத் தெரியாது. அதனால் முனிரத்தினம் அவர்களுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்திருந்தார்: "தாம்பாளம் எறங்கி வர்றத பாத்தா அடிக்க ஆரம்பி. நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

பின்வரிசையில் ஆறு பேரும் சீருடையோடு, சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனியில் ஏற்றுமதி அவசரம், ஞாயிறு ஓ.டி. ஐந்து மணிக்குத் திடலை ஒட்டிய நிறுத்தத்தில் பஸ். அது ஆறு பேரையும் அவரவர் கம்பெனி வாசலில் இறக்கிவிடும். மூன்று மணி விழாவுக்கு அது போதும் என்றுதான் பாஞ்சாலி கணக்குப் போட்டிருந்தாள்.

விருந்தினர் வரவில்லை. நாலரைக்குச் சற்று முன் சங்கு ஊதியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவரின் சட்டைப்பை.

முனிரத்தினம் போன் செய்தார். அந்தப் பக்கத்திலிருந்து விருந்தினரின் டிரைவர் சொன்னான்: ஐயா ராகு காலத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தார், செருப்பு தேடியதில் தாமதமாகிவிட்டது, இனி ஆறு மணிக்கு மேல்தான் வாசற்படி தாண்டுவார்.

"சரியான முடிவு" என்றார் முனிரத்தினம், மனதாரப் பாராட்டி. பிறகு மைக்கில், "ஆறு மணிக்கு மேல விழா. எல்லாரும் டீ சாப்பிடுங்க" என்றார்.

பாஞ்சாலி மேடை ஓரத்துக்கு வந்தாள். "தலைவரே, விருந்தாளி வரும்போது வரட்டும். அட்டைய மட்டும் இப்பவே குடுத்துடுங்க. அஞ்சு மணிக்குப் பஸ்ஸு."

"ராகு காலத்துலயாம்மா? மொதமொத ஆரம்பிக்கற நல்ல காரியம். வெளங்குமா?"

"ஆறு மணிக்கு அவங்க லைன்ல நின்னுகினு இருப்பாங்க."

"அப்போ அடுத்த வருசம் ஜாம்ஜாம்னு செஞ்சிடலாம். நானா மாட்டேன்றேன்? நேரம் மாட்டேன்னுது."

இப்படித்தான் இந்த நாட்டில் அநியாயம் செய்கிறவன் யாருமே இருப்பதில்லை. எல்லாம் நேரம் செய்கிறது, கிரகம் செய்கிறது, விதி செய்கிறது. கிரகத்தின் சட்டைக் காலரைப் பிடித்துக் கேட்கவா முடியும்?

பின்வரிசையில் மாரிசெல்வம் எழுந்து பையைத் தோளில் மாட்டினான். முகத்தில் கோபமில்லை. அதுதான் பாஞ்சாலிக்குத் தாங்கவில்லை.

"பரவால்லக்கா. பஸ்ஸு வர இன்னும் நேரங்கெடக்கு. சேர அடுக்கிவச்சிட்டுப் போவட்டா?"

பக்கத்தில் சுகப்பிரியா, "ஏ, சும்மா கெட. அக்கா மொகத்தப் பாரு" என்றாள்.

ஆறு பேரும் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பாஞ்சாலி மேடைக்குக் கீழே நின்றாள். டீயை வாங்கினாள், குடிக்காமல் வைத்தாள். ஐந்து மணிக்கு பஸ் வந்து நின்றது. பழனிவேல் ஹாரன் அடித்தான். பஸ்ஸின் நெற்றியில் பெரிய எழுத்தில் "முனிரத்தினம் டிராவல்ஸ்" என்று எழுதியிருந்தது. தினமும் பார்க்கிற எழுத்துதான். இன்றுதான் பாஞ்சாலி அதைப் படித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிப்பும் குரலைப் போலத்தான். ஷாமியானாவே திரும்பிப் பார்த்தது. மேடையில் ஏறினாள், தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கினாள், இறங்கி நடந்தாள்.

வேப்பமரத்தடியில் பேண்டு செட்காரர்கள் நிமிர்ந்தார்கள். தாம்பாளம் இறங்கி வருகிறது. கட்டளை கட்டளைதான். டிரம் முழங்கியது, டிரம்பெட் பிளிறியது, எட்டுப் பேரும் இரண்டு வரிசையாகப் பிரிந்து பாஞ்சாலிக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்கள்.

சத்தம் கேட்டதும் டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டம் விருந்தினர் வந்துவிட்டார் என்று எழுந்து பின்னால் வந்தது. பெண்கள் பூத் தூவினார்கள், யார்மேல் என்று தெரியாமல். முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த கன்னியப்பன் விழித்து, "கல்யாணம் யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கூடவே நடந்தார்.

"நிறுத்துங்கடா" என்று கத்திக்கொண்டு முனிரத்தினம் வேட்டியைப் பிடித்தபடி ஓடிவந்தார். டிரம் அடிக்கிறவனுக்கு அது கேட்கவில்லை. பாஞ்சாலிக்கு இணையான குரல் அந்த நகரில் வேறு யாருக்கும் கிடையாது.

ஊர்வலம் பஸ் கதவில் போய் நின்றது. பாஞ்சாலி படியேறினாள். உள்ளே சுமார் முப்பது பேர். பின்சீட்டில் ஆறு பேரும் வாய் திறந்து பார்த்தார்கள். முனிரத்தினமும் மூச்சிரைக்க ஏறினார்.

"இன்னாம்மா அக்கிரமம் இது? எடுத்துனு எறங்கு."

"எறங்கறேன் தலைவரே. ஒரே ஒரு பதில் சொல்லுங்க. இது யாரு பஸ்ஸு?"

"என்துதான். அதுக்கு?"

"ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு எடுக்கறீங்களே, அது இன்னா காலம்?"

முனிரத்தினத்தின் கை சட்டைப்பையில் செல்போனைத் தேடியது.

"வாராவாரம் ராகு காலத்துல முப்பது உசுர ஏத்தி அனுப்பறீங்க. வாடகை வருது, வெளங்குது. ஒரு அட்டைய கையில குடுத்தா மட்டும் வெளங்காதா? உங்க வண்டி ஞாயித்துக்கெழம ஓடாதுன்னு சொல்லுங்க, தாம்பாளத்த மேடைல கொண்டாந்து வெச்சிட்டு உங்க கால்ல விழறேன்."

பஸ் முழுதும் சிரித்தது. லாபம் வரும் நேரத்தில் கிரகங்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன. மரியாதை கொடுக்கும் நேரத்தில் மட்டும் குறுக்கே வந்து படுத்துக்கொள்கின்றன. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், அந்த பஸ்ஸில் ஒரு ஞாயிறு ஏறினால் போதும்.

முனிரத்தினம் தப்பிக்கப் பார்த்தார். "சரி, சரி, ஆறு மணிக்கு அப்பறம் ஒரகடத்துக்கே வந்து..." என்று ஆரம்பிக்கும்போது பஸ் நகர்ந்தது.

"டேய் பழனி, நிறுத்துடா. நான் எறங்கணும்."

பழனிவேல் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். அவன் அதிகம் பேசாதவன்; வீட்டில் அதற்கு வாய்ப்பும் இல்லை. "அஞ்சு தாண்டிச்சு மொதலாளி. லேட்டா போனா கம்பெனில பில்லுல புடிச்சுக்குவான். சாமியே கை காட்டினாலும் நிறுத்தாதன்னு நீங்கதான சொல்லிகீறீங்க."

"சாமிய சொன்னேன்டா. என்னையா சொன்னேன்?"

"அத நீங்க சொல்லல மொதலாளி."

பேண்டு செட் கொஞ்ச தூரம் பஸ்ஸுக்கு முன்னாலேயே அடித்துக்கொண்டு ஓடி, பிறகு ஒதுங்கி வழிவிட்டது. முனிரத்தினம் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் மனைவியைப்போல அதட்டுகிற இணைச் செயலாளர், பின்னால் சிரிக்கிற முப்பது பேர். அவருக்கும் உதட்டோரம் ஏதோ நெளிந்தது.

"குடும்மா அந்தக் கருமத்த" என்று கை நீட்டினார்.

முதல் சால்வை மாரிசெல்வத்துக்கு. பஸ் குலுங்கியதில் அது ஒரு தோளில் விழுந்து மறு தோளில் வழுக்கியது. கைதட்டல். அட்டையைக் கொடுக்கும்போது முனிரத்தினம் பழக்கத்தில் போட்டோவுக்குத் திரும்பி நின்றார். போட்டோக்காரர் திடலில் இருந்தார். ஒரு பெண் தன் செல்போனில் எடுத்தாள்.

சுகப்பிரியாவின் முறை வந்ததும் தலைவர் சால்வையை மடித்தபடியே நீட்டினார். மேடை வழக்கம் அதுதான்: ஆண் ஆணுக்குப் போர்த்துவான், பெண்ணுக்குக் கையில் கொடுத்துவிடுவான்.

"கையில தந்தா நான் என்ன கடையிலயா வாங்குதேன்?" என்றாள் சுகப்பிரியா. "மத்தவுகளுக்குப் போர்த்துன மாதிரியே போர்த்துங்க. வெள்ளத்தன்னைக்கு தண்ணிக்குள்ள உங்களத் தோளப் பிடிச்சுத்தான கூட்டியாந்தேன்? நீங்க அப்பம் ஒண்ணுஞ்சொல்லலயே."

முனிரத்தினம் பாஞ்சாலியைப் பார்த்தார். பாஞ்சாலி ஜன்னலைப் பார்த்தாள். அவர் சால்வையைப் பிரித்து, உதறி, சுகப்பிரியாவின் இரு தோளையும் மூடிப் போர்த்தினார். ஒரு முனை நழுவ, இழுத்துச் சரிசெய்தார். சாலை சரியில்லை.

ஆறு அட்டையும் முடிந்தன. தாம்பாளத்தில் வெற்றிலைப் பாக்கு மட்டும் மிஞ்சியது. அதைப் பஸ்ஸில் சுற்றுக்கு விட்டார்கள். பாஞ்சாலி முன்னால் வந்து, டிரைவர் பக்கத்து எஞ்சின் மேட்டில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. உடம்பெல்லாம் லேசாக இருந்தது.

"வேலைய வுட்டு அனுப்பிடுவாராய்யா உன்ன?" என்று கேட்டாள், அவளுக்குத் தெரிந்த ரகசியக் குரலில். கடைசி சீட்டுவரை கேட்டது.

"டிரைவருக்குப் பஞ்சம். மாட்டாரு" என்றான் பழனிவேல்.

பின்னால் மாரிசெல்வம் எழுந்தான். சால்வையைச் சரிசெய்துகொண்டான். மன்றத்துப் பொதுக்குழுவில் மனைக்காரர்கள் எழுந்து நிற்பதை வெளியிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறான். அதேபோல் தொண்டையைச் செருமினான்.

"தலைவரே, உறுப்பினரா ஒண்ணு கேக்கலாமா?"

முனிரத்தினத்துக்கு இப்போது மனம் இளகியிருந்தது. "கேளு ராஜா, கேளு."

"மழ பெஞ்சா இந்தப் பின்சீட்டு மூணும் ஒழுகுது. ரெண்டு வருசமாக் குடை பிடிச்சிட்டு உக்காந்து போறோம். இத்தன நாளு உங்கட்ட வந்து சொல்ல நாங்க யாருன்னு இருந்தோம். இன்னைக்குத்தான் தோது வந்திருக்கு."

"ஃபேனும் ஓடல தலைவரே" என்றாள் சுகப்பிரியா. "ஜன்னல் கண்ணாடி கயிறு கட்டிக் கெடக்கு. இதையும் ஒரு தீர்மானமாப் போட்டுக்கிடுங்க."

முனிரத்தினம் கூரையை அண்ணாந்து பார்த்தார். துருப்பிடித்த வட்டங்கள் தெரிந்தன. கதவைப் பார்த்தார். பழனிவேல் மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்கு மாற்றினான். ஒரகடம் கூட்டுச்சாலை இன்னும் வெகுதூரத்தில் இருந்தது.

அவர் ஒழுகும் சீட்டிலேயே போய் உட்கார்ந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டார்.

"சரி. வேற இன்னா கீது? சொல்லுங்க" என்றார்.

ஆறு உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.